நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

திபிலிசியில் எங்கள் குடியிருப்பு லிஃப்ட்
காசு போட்டால்தான் மேலே ஏறும்.
நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.
பதினேழு வருடமாகக் கதவு திறப்பவன்.
என் மகள் தெக்லேயின் வாயை மட்டும்
எந்தச் சாவியாலும் திறக்க முடியவில்லை.

மனானா இத்தாலிக்குப் போய் இது ஏழாவது மாதம்.
பாரி நகரில் யாரோ ஒருவருடைய தாயை
எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு
மாதக் கடைசியில் பணம் அனுப்புகிறாள்.
அடுப்பு என் பங்குக்கு வந்தது.
அதற்குமுன் நான் சமைத்தது முட்டை.
விருந்தாளி வந்தால், இரண்டு முட்டை.

ரயில் நிலையத்துப் பின்புறச் சந்தையில்
மூன்று கட்டுக் கீரை வாங்கினேன்.
வேகவைத்து, ஒட்டப் பிழிந்து,
அக்ரூட்டும் பூண்டும் இடித்துச் சேர்த்து
ப்கலி உருண்டைகள் பிடித்தேன்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மாதுளை முத்து.
பாச்சோவுக்கு நான்கு வயது.
முத்துகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு
இறங்கிப் போய்விட்டான்.
தெக்லே தட்டைச் சுற்றிப் பார்த்தாள்.
"இதை யார் மென்று துப்பினது?" என்றாள்.

அப்புறம் லஞ்சம்.
ஒரு வாய்க்கு ஒரு சாக்லேட்.
காசு விழுந்ததும் ஒரு மாடி ஏறியது.
மறுநாள் அதே மாடிக்கு இரண்டு கேட்டது.

அப்புறம் கடத்தல்.
சீஸ் ரொட்டியின் வயிற்றுக்குள்
கீரையை ஒளித்துவைத்தேன்.
தெக்லே சுங்க அதிகாரிபோலப் பிரித்தாள்.
அன்றிலிருந்து வெறும் ரொட்டியைக்கூட
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள்.
ஒருமுறை பொய் சொன்ன ரொட்டி.

இரவு தொலைபேசியில் மனானா சொன்னாள்:
"ஓர்தென்சியா கிழவியும் இப்படித்தான்.
கரண்டியோடு எதிரே நின்றால்
உதட்டைத் தைத்துக்கொள்வாள்.
நான் என் தட்டோடு உட்கார்ந்து தின்றால்
அவளுக்கும் பசி வந்துவிடும்.
ஆமாம், நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?"

பாத்திரம் கழுவும் தொட்டியருகே என்று
நான் சொல்லவில்லை.
நின்றுகொண்டு, அவர்கள் ஒதுக்கியதை,
ஆறிப்போனபின் என்றும் சொல்லவில்லை.
"லைன் சரியில்லை" என்றேன்.

வியாழக்கிழமை ஒரு பழைய கட்டடத்தில்
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
பியானோ ஆசிரியை ஒருத்தி மாட்டிக்கொண்டாள்.
மூன்று மணிநேரம். ஆயிரம் திட்டு.
வீடு திரும்பும்போது எட்டரை.
காலையில் வைத்த சிவப்பு பீன்ஸ்
மண்சட்டியில் இருந்தது.
சூடாக்கினேன். மூவருக்கும் ஊற்றினேன்.
உட்கார்ந்தேன்.
நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.
சோள அடையைப் பிய்த்துத் தோய்த்தேன்.
இரும்புச்சத்து, நார்ச்சத்து எதுவும் நினைவில்லை.
பசி. அவ்வளவுதான்.
யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்று
தலை நிமிரவே இல்லை.

"உன்னுடையதில் என்ன இருக்கு?"
"பீன்ஸ்."
"எங்களுடையதில்?"
"அதேதான்."
"பொய்," என்றாள் தெக்லே.
என் தட்டில் அவள் அடை முங்கியது.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.
தொழில் பழக்கம்:
கம்பி இழுபடத் தொடங்கும்போது
பேசக் கூடாது.

மென்றாள். யோசித்தாள்.
"கொத்தமல்லி ரொம்ப ஜாஸ்தி," என்றாள்.
மறுபடி தோய்த்தாள்.
பாச்சோ மடியில் ஏறி
என் சட்டைக்கையில் பாதி, வாயில் பாதி.
அவர்கள் தட்டுகள் இரண்டும்
தொடாமல் அப்படியே இருந்தன.
என் தட்டைத்தான் மூன்றுமுறை நிரப்பினேன்.

நேற்று மறுபடி ப்கலி செய்தேன்.
ஒருவரும் தொடவில்லை.
நான் உட்கார்ந்து ஐந்து உருண்டை தின்றேன்.
அவசரமில்லாமல் தின்றால்
பிரமாதமாக இருக்கிறது, தெரியுமா?
எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

தெக்லே வாயைத் திறக்கவில்லை.
ஆனால் மீதமிருந்தவற்றில்
முத்து உதிர்ந்த தலை ஒவ்வொன்றிலும்
புது மாதுளை முத்தை வைத்து
அழுத்திக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு முறையும்
விரலை நக்கிக்கொண்டு.